பொது விதியும் நிலைய விதியும்

தங்கவயல் இருப்புப் பாதையின் வரலாற்றை நம் பெரியோர் பலவாறு கூறக் கேட்டிருக்கிறோம். 1894-ஆம் ஆண்டில், சுரங்கங்களின் பொருட்டு, அந்நாளில் பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைல் நீளத்திற்கு இப்பாதை திறக்கப்பட்டது. பாதை மைசூர் சமஸ்தானத்தின் சொத்து. வண்டி ஓட்டியது சென்னை இரயில்வே. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மாருள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கியது இப்பாதையில்தான். ஆயினும், வண்டி ஓடுவதற்குத் தண்டவாளமும் எஞ்சினும் மட்டும் போதா, விதிப்புத்தகமும் வேண்டும். அப்புத்தகத்தின் வரலாற்றை எழுத எனக்கு எண்ணம் வந்த காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

1890-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், தன் 47-ஆம் பிரிவில், ஒவ்வொரு இரயில்வேயும் பொது விதிகளை வகுத்து அரசாங்கத்தின் இசைவு பெறவேண்டும் எனப் பணித்தது. கம்பெனிக்கொரு புத்தகம் இருப்பின், ஒன்றின் எல்லை கடந்து மற்றொன்றின் பாதையிற் புகும் டிரைவரின் பாடு என்னாவது? நாளடைவில் திறந்த பாதைகள் அனைத்திற்கும் ஒரே பொது விதிகள் ஏற்பட்டன. 1929-ஆம் ஆண்டின் தொகுதி நெடுங்காலம் வழங்கியது. அதன் இடத்தில் 1976-ஆம் ஆண்டின் தொகுதி வந்தது.

இவ்விதிகளின் அமைப்பே நாம் வியத்தற்குரியது. அடிப்படையாக இருப்பது பொது விதி; நாடு முழுமைக்கும் ஒன்று. அதன்மேல் அந்தந்த இரயில்வே வகுத்துக்கொள்ளும் துணை விதி. அதற்கும் மேல், ஒவ்வொரு நிலையத்திற்கும் உரிய நிலைய இயக்க விதிகள். இவற்றை 1976-ஆம் ஆண்டுத் தொகுதியின் 5.06-ஆம் விதி கட்டாயமாக்குகிறது. சிவப்புக் கைகாட்டி கண்டால் வண்டியை நிறுத்துவது எப்படி என்பதை நிலைய விதியில் யாரும் திரும்ப எழுதுவதில்லை. அது பொது விதியில் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டது. நிலைய விதியில் வருவன அந்த ஊருக்கே உரியவை: எத்தனை பாதைகள், எந்தக் கேட் எத்தனை தூரத்தில், எந்த ஷிப்டில் யார் யாருக்கு என்ன வேலை. தலைப்புகளின் வரிசை எந்த நிலையத்திலும் ஒன்றே. நிரப்பப்படும் விவரம் மட்டுமே வேறு.

இதன் பயனை நம் கிளைப்பாதையிலேயே காணலாம். சென்னை இரயில்வே 1908-இல் சதர்ன் மராட்டா இரயில்வேயுடன் கலந்து மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வே ஆயிற்று. 1951-இல் தென்னக இரயில்வே பிறந்தது. 2003 ஏப்ரல் முதல் நாள் தொட்டு நாம் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு இரயில்வேயைச் சார்ந்தவர்கள். 2003-இல் எசமானர் மாறியதற்காகப் பொது விதியில் ஓர் எழுத்தும் மாறவேண்டியிருக்கவில்லை. அம்மாற்றம் துணை விதிகளோடு நின்றது.

என் பிழை ஒன்றையும் இங்கே சொல்லுவது முறை. நான் வேலைக்கு வந்த புதிதில், வேறோர் ஊரில், ஒரு நிலையத்தின் விதிகளைப் பார்த்து மற்றொரு நிலையத்திற்கு நகல் தட்டச்சு செய்யப் பணிக்கப்பட்டேன். பெயரை மாற்றினேன், கேட் எண்ணை மாற்றினேன், கேட்டின் தூரத்தை மாற்ற மறந்தேன். கையெழுத்தாகும் முன் முதிய அதிகாரி ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். அவர் வையவில்லை. அந்தத் தூரத்தை நம்பி வண்டி ஓட்டுபவன் ஒருவன் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

இப்போது காரணத்திற்கு வருகிறேன். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பின், நம் காலனிப் பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். என் அக்காள் மகனும் அவர்களுள் ஒருவன். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே வகையாக அமைத்து வைப்பது அவன் தொழில். 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் என்பவர் தொடங்கிய வழி இது என்கிறான். அவன் கையாளுவது 2012-இல் மைக்கேல் டீஹான் வெளியிட்ட ஆன்சிபிள். அதில் ‘ரோல்’ என்றொன்று உண்டு. ஒரு வேலைக்கு வேண்டிய கட்டளைகள் யாவும் அதில் ஒரு தொகுப்பாய் அடங்கும்; ஊருக்கு ஊர் மாறும் விவரங்கள் வெளியே தனியாய் நிற்கும். ஒருமுறை எழுதியதை எத்தனை இடத்திலும் எடுத்தாளலாம். நம் நிலைய விதியேதான் இது என்றேன்.

“இல்லை மாமா, ஒரு வேற்றுமை உண்டு” என்றான். ரோலில் முன்னரே இட்டுவைத்த மதிப்பு, தலத்தில் வேறு மதிப்பு கொடுத்தால் வழிவிட்டு விலகுமாம். நம்மிடம் அது நடவாது. துணை விதி பொது விதிக்கு முரண்படவே கூடாது. விலக்கு வேண்டுமெனில் இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். இளைஞன் சற்று யோசித்துவிட்டு, தானும் ஒருமுறை பிறர் எழுதிய ரோலைப் படிக்காமல் எடுத்தாண்டதைச் சொன்னான். அதனுள் வேறோர் அலுவலகத்தின் முகவரி கிடந்தது. நாற்பது கம்ப்யூட்டர்கள் அங்கில்லாத கடிகாரத்தைப் பார்த்துக் காத்துக்கிடந்தனவாம்.

நிலையத்தில் வேலையேற்கும் ஒவ்வொருவரும் அந்நிலையத்தின் விதிகளைப் படித்து உணர்ந்ததாகக் கையெழுத்திட்ட பின்னரே பணியில் அமர்த்தப்படுவர் என்பதை அவனுக்குச் சொன்னேன். “எங்களிடம் அப்படி யாரும் கையெழுத்து வாங்குவதில்லை, மாமா” என்றான். அதற்குள் வண்டி பங்காருப்பேட்டை வந்துவிட்டது.