மேட்டுநில நெல்லில் மணிச்சத்து ஈர்ப்பு: இரகங்களை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

நீர் தேங்கும் வயலில் நெல்லுக்கு மணிச்சத்தைத் தேடித் தரும் வேலையில் பாதியைத் தண்ணீரே செய்துவிடுகிறது. வயல் மூழ்கிய சில நாட்களில் மண்ணின் ஆக்சிஜன் தீர்கிறது. ஃபெரிக் நிலையிலிருந்த இரும்பு ஃபெரஸ் நிலைக்கு இறங்குகிறது, அதோடு பிணைந்து கிடந்த பாஸ்பேட்டும் மண்கரைசலுக்கு வந்து சேர்கிறது. அமில மண் நடுநிலையை நோக்கி நகர, அலுமினிய நஞ்சும் அடங்கிவிடும். வரப்பின்றி, மழையை மட்டும் நம்பி விதைக்கப்படும் மேட்டு நிலத்தில் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. அங்கே தழைச்சத்தின் பெரும்பகுதி அம்மோனியமாக நிற்காமல் நைட்ரேட்டாக மாறிக் கீழே கசிகிறது. பாஸ்பேட்டை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சேற்று நெல்லுக்குத் தண்ணீர் செய்து கொடுப்பதை மேட்டுநில நெல் தன் வேரால் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரகத்துக்கு இரகம் உள்ள வேறுபாடு இங்கே துலக்கமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

அந்த வேறுபாட்டை நாம் அளக்கும் முறையோடுதான் இக்கட்டுரைக்கு வழக்கு. மேட்டுநில நெல் பற்றிய ஆய்வறிக்கைகளில் ஒரே அட்டவணை திரும்பத் திரும்ப வருகிறது: இடப்பக்கம் இரகங்களின் பெயர்கள், வலப்பக்கம் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழை, மணி, சாம்பல் சத்து எடுக்கப்பட்டது என்ற எண்கள். பட்டியலின் உச்சியில் நிற்பது ‘ஈர்ப்புத்திறன் மிக்க இரகம்’ எனப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது? பயிரின் உலர் எடையைத் திசுவிலுள்ள சத்தின் செறிவால் பெருக்கினால் வருகிறது. இரகங்களுக்கிடையே செறிவைவிட உலர் எடையே பெரும்பாலும் அதிகம் மாறுவதால், அட்டவணை சொல்வது பல வேளைகளில் ஒன்றுதான்: பெரிதாக வளர்ந்த பயிர் அதிகம் எடுத்தது. அதிகம் எடுத்ததால் பெரிதாக வளர்ந்ததா, வேறு காரணத்தால் பெரிதாக வளர்ந்து அதனால் அதிகம் எடுத்ததா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இக்கேள்வியை நேராக எதிர்கொண்டவர்களில் நெல் ஆய்வாளர் மத்தியாஸ் விசுவா முதன்மையானவர். ஜப்பானின் எரிமலைச் சாம்பல் மண் பாஸ்பேட்டை விடாப்பிடியாகப் பிடித்து வைக்கும் மண். மணிச்சத்து குறைந்த அத்தகைய மண்ணில் அவரும் நொரிஹாரு ஏயும் 30 நெல் இரகங்களை வளர்த்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். மிக மோசமான இரகத்தில் செடி ஒன்று எடுத்த மணிச்சத்து ஒரு மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. மிகச் சிறந்தது பன்னிரண்டைத் தாண்டியது. மேலே நின்றவற்றில் பெரும்பாலானவை பாரம்பரிய இரகங்கள். உரமிட்ட வயலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நவீன இரகங்கள் பின்தங்கின. இன்னொரு கண்டுபிடிப்புக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். ஒரு மில்லிகிராம் மணிச்சத்தைக் கொண்டு எவ்வளவு உலர் எடையை உண்டாக்குகிறது என்ற ‘பயன்பாட்டுத் திறன்’ கணக்கில், மிகக் குறைவாக எடுத்த செடிகளே உயர்ந்து நின்றன. பட்டினி கிடப்பவன் சிக்கனக்காரனாகத் தெரிவது போன்றது இது. ஈர்ப்பு, பயன்பாட்டுத் திறன் என்ற இரண்டு எண்களுமே செடியின் நிலைமையைக் காட்டுகின்றனவேயன்றி அந்நிலைமைக்கான மரபுக் காரணத்தைக் காட்டுவதில்லை.

2003இல் விசுவா ஒரு கணிப்பு மாதிரியின் வழியே இதை விளக்கினார். மணிச்சத்து பற்றாத மண்ணில் வேர் சற்றே மெல்லியதாக இருந்தாலோ, ஒரு சதுர சென்டிமீட்டர் வேர்ப்பரப்பு சற்றே கூடுதலாக எடுத்தாலோ, அந்தக் கூடுதல் சத்து உடனே புதிய வேராகிறது. புதிய வேர் மேலும் சத்தைக் கொண்டுவருகிறது. இந்தச் சுழலால், மூலக் குணத்தில் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றமே பருவ முடிவில் மொத்த ஈர்ப்பை மும்மடங்காக்கப் போதுமானது. இறுதி எண்ணில் மிகப் பெரும் பகுதி சுழலின் விளைவு. இதன் பொருள் கடுமையானது. அறுவடையில் மும்மடங்கு வித்தியாசம் காட்டும் இரு இரகங்களின் வேரைத் தனியே எடுத்து அளந்தால், வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்து போகலாம். ‘அதிக ஈர்ப்புக்குக் காரணமான வேர்க்குணம் கண்டறியப்படவில்லை’ என்று முடியும் பல கட்டுரைகள் தேடிய காரணம் அங்கே இருந்திருக்கக்கூடும். அது அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது.

தொடக்கத்தில் யாருக்கு எவ்வளவு கைமுதல் இருந்தது என்பதும் இதனால் பெரிதாகிறது. 25 மில்லிகிராம் எடையுள்ள ஒரு நெல்மணியில் 0.3 விழுக்காடு மணிச்சத்து இருந்தால் அது 0.075 மில்லிகிராம். மேற்சொன்ன மோசமான செடி வாழ்நாளில் சேர்த்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இது சமம். ஒரு இரகத்தின் விதை உரமிட்ட ஆய்வுப் பண்ணையிலிருந்தும், இன்னொன்றின் விதை வறண்ட மேட்டிலிருந்தும் வந்திருந்தால், ஒப்பீடு விதைக்கும் முன்பே சாய்ந்துவிடுகிறது. விதைகளை ஒரே நிலத்தில் ஒரு பருவம் பெருக்கி எடுத்த பிறகுதான் சோதனை தொடங்கியது என்று சொல்லும் கட்டுரைகளை நான் அதிகம் கண்டதில்லை.

ஈர்ப்புக்குக் காரணமான மரபணு கிடைத்த கதையும் இதே திசையைக் காட்டுகிறது. கசலத் என்ற, இந்தியத் துணைக்கண்டத்தின் ‘அவுஸ்’ வகை நெல்லை ஜப்பானிய இரகமான நிப்பொன்பாரேயுடன் இனக்கலப்புச் செய்ததில், 12ஆம் குரோமோசோமில் பப்1 என்ற பகுதி 1998இல் அடையாளம் காணப்பட்டது. அதனுள்ளிருந்த மரபணு 2012இல் பி-ஸ்டால்1 என்ற பெயரோடு வெளிவந்தது. நிப்பொன்பாரேயின் மரபுத்தொகுதியில் அந்த மரபணுவே கிடையாது. பாஸ்பேட்டைச் செல்லுக்குள் கடத்தும் புரதம் ஒன்று கிடைக்கும் என எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். கிடைத்தது ஒரு கைனேஸ் நொதி. அது செய்வது இளம்பருவ வேர் வளர்ச்சியைத் தூண்டுவது. வேர் பெருகினால் மணிச்சத்தோடு மற்ற சத்துகளும் கூடுதலாக வரும். நெருக்கடி மிகுந்த நிலங்களுக்குரிய இரகங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பப்1 இருந்தது, பாசன வயல் இரகங்களிலோ சுமார் 10 விழுக்காட்டில்தான் காணப்பட்டது என்ற கணக்கு 2010இல் வந்தது. அதைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தவர் எவருமில்லை. மேட்டு நிலத்தில் பிழைத்த செடிகளிலிருந்து உழவர்கள் விதை எடுத்துவந்தார்கள், அவ்வளவுதான்.

ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே மேட்டு நிலத்துக்கு ‘டாண்ட்’ என்று பெயர், பள்ளத்து வயலுக்கு ‘தோன்’. டாண்டின் மண் செம்மண், அமிலத்தன்மை கொண்டது, ஆழம் குறைந்தது. ஜூன் மழையில் ஈரம் கண்டவுடன் விதைத்து, செப்டம்பரில் அறுத்துவிட வேண்டும். அதற்குப் பின் ஈரத்தை நம்ப முடியாது. கோரா எனப்படும் உள்ளூர் நெல்கள் இந்தத் தொண்ணூறு நாள் ஓட்டத்துக்குப் பழகியவை. அங்குள்ள மத்திய மானாவாரி மேட்டுநில நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வந்தனா, அஞ்சலி ஆகியவையும் அதே கால அளவுக்குள் முடிபவை. முளைத்த மூன்றாம் வாரத்தில் அத்தகைய வயலில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், முக்கிய வேர்கள் ஒரு சாணுக்கு உள்ளேயே நிற்பதும், பக்கவேர்கள் மேல் மண்ணில் பின்னிக் கிடப்பதும் தெரியும். பக்கத்தில் முளைத்த களையின் வேர் அதே மண்ணில் அதைவிட அடர்த்தியாக இருக்கும். அந்த மூன்று வாரங்களுக்குள் நிலத்தை மூடாத இரகம், எடுக்கும் திறன் எவ்வளவு இருந்தாலும், களை முந்திக்கொள்வதால் எடுக்க எதுவும் கிடைக்காத நிலைக்கு வந்துவிடும். இளம்பருவ வேர் வளர்ச்சியைத் தூண்டும் மரபணு இத்தகைய நிலங்களில் நிலைத்து நின்றதில் வியப்பில்லை.

வேர் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் மேட்டுநில நெல்லின் உண்மையான சிக்கல் இருக்கிறது. பாஸ்பேட் மண்ணில் நகர்வது மிக மிக மெதுவாக. வேரைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் இருப்பதை மட்டுமே வேர் தின்று தீர்க்க முடிகிறது. மணிச்சத்து கூடுதலாக இருப்பது மேல் மண்ணில். ஆகவே மணிச்சத்துக்கு ஏற்றது கிடையாகப் பரவி, மெல்லிய பக்கவேர்களும் நீண்ட வேர்த்தூவிகளும் நிறைந்த வேர்த்தொகுதி. நீரும் நைட்ரேட்டும் கீழே போகின்றன. அவற்றுக்கு ஏற்றது செங்குத்தாக இறங்கும் வேர். பிலிப்பைன்ஸின் மேட்டுநில இரகமான கினந்தாங் பத்தோங்கிலிருந்து யுசாகு ஊகா குழுவினர் பிரித்தெடுத்து 2013இல் வெளியிட்ட டி.ஆர்.ஓ.1 மரபணு வேரின் கோணத்தைச் செங்குத்தாக்குகிறது. ஐ.ஆர்.64 என்ற பாசன வயல் இரகத்தில் அதைச் சேர்த்தபோது வறட்சியில் விளைச்சல் காப்பாற்றப்பட்டது. அப்படியானால் மணிச்சத்து? மழை நின்று பத்து நாளில் மேல் மண் காயும்போது அங்கே பாஸ்பேட் ஊடுபரவலும் நின்றுபோகிறது. மேலே வேர் இருந்தும் பயனில்லை. ஆழ வேர் இல்லாத செடி வாடிவிட்டால் மேல் வேர் எதற்கும் உதவாது. இரண்டும் வேண்டும். எந்த விகிதத்தில் என்பதை அந்தந்த நிலத்தின் மழை இடைவெளிதான் தீர்மானிக்கும். ஆகவே ஒரு நிலத்தில் முதலிடம் பெற்ற இரகம் வேறு நிலத்தில் நான்காம் இடத்துக்குப் போவதைச் சோதனைப் பிழை என்று ஒதுக்குவது தவறு. தொட்டிச் சோதனை இந்தக் கேள்வியையே அழித்துவிடுகிறது: இருபது சென்டிமீட்டர் தொட்டியில் ஆழமும் மேல்பரப்பும் ஒன்றுதான்.

மற்றச் சத்துகளைச் சுருக்கமாகவே தொடுகிறேன். நைட்ரேட் ஏற்பில் இண்டிகா வகைகள் ஜப்பானிக்காவை விஞ்சுவதற்கு என்.ஆர்.டி.1.1பி மரபணுவின் ஒரு வடிவம் காரணம் என 2015இல் காட்டப்பட்டது. ஆனால் அமில மண்ணில் அலுமினியத்தைத் தாங்குவதில் ஜப்பானிக்காவே மேல். மேட்டுநில நெல்லில் வெப்பமண்டல ஜப்பானிக்கா அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சிலிக்கனிலும் இரக வேறுபாடு முக்கியம்: நீண்டகாலம் கழுவப்பட்ட வெப்பமண்டல மண்ணில் கிடைக்கும் சிலிக்கன் குறைவு, குலைநோயோ மேட்டு நிலத்தில் மிகுதி. சிலிக்கனைக் கூடுதலாக எடுக்கும் இரகத்துக்கு நோய் குறைகிறது. காரமண்ணில் இரும்புப் பற்றாக்குறை வேறு கதை. நம் இராமநாதபுரத்துப் புழுதி விதைப்பில், மழை பெருகி வயல் சேறாகும் வரை இளம் பயிர் வெளிறி நிற்பதையும், அன்னபேதிக் கரைசலைத் தெளித்து அதைச் சமாளிப்பதையும் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே நெல் முதல் மாதம் மேட்டுநிலப் பயிர், பிறகு சேற்றுப் பயிர்.

வேரை மட்டும் பார்ப்பதும் போதாது. மேட்டு நிலத்தில், நீர் தேங்கிய வயலைப் போலன்றி, வேர் உட்பூசணங்கள் (மைக்கோரைசா) செழிக்கின்றன. வேர் எட்டாத இடத்துப் பாஸ்பேட்டை அவற்றின் இழைகள் கொண்டுவருகின்றன. ஹசாரிபாக்கில் தீபங்கர் மைத்தி குழுவினர் முதலாண்டு மக்காச்சோளத்தையும் அதைத் தொடர்ந்து கொள்ளையும், அடுத்த ஆண்டு நெல்லையும் பயிரிட்டு, மண்ணிலேயே இருக்கும் பூசணத்தைப் பெருக்கி நெல்லின் மணிச்சத்து ஈர்ப்பையும் விளைச்சலையும் உயர்த்திக் காட்டினர். ஆக, முன்பயிர் எது என்று சொல்லாத ஈர்ப்பு எண்ணில் எவ்வளவு நெல்லின் பங்கு, எவ்வளவு கொள்ளின் பங்கு என்று பிரிக்க முடியாது.

இவ்வளவுக்கும் ஒரு மறுப்பு உண்டு: காரணம் எதுவாயினும், அதிகம் எடுக்கும் இரகம் உழவருக்கு நல்லதுதானே? உரம் வாங்க வழியற்றவருக்கு, மண்ணில் முடங்கிக் கிடப்பதை வெளியே எடுக்கும் இரகம் வரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடுத்தது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு டன் நெல்லை விளைவிக்கப் பயிர் எடுப்பது சுமார் 15–20 கிலோ தழைச்சத்து, 2–3 கிலோ மணிச்சத்து, 15–20 கிலோ சாம்பல் சத்து. சாம்பல் சத்தின் பெரும்பகுதி வைக்கோலில் தங்குகிறது. மணிச்சத்தின் பெரும்பகுதி மணிக்குள் போய் நிலத்தைவிட்டே வெளியேறுகிறது. மாட்டுச் சாணம் திரும்பினாலும் அது முதலில் போவது வீட்டை ஒட்டிய தோட்டத்துக்கு, கடைசியில்தான் டாண்டுக்கு. உரமிடாத டாண்டில் ஈர்ப்பு கூடக்கூட மண்ணின் கையிருப்பு விரைந்து கரைகிறது. மணியில் சேரும் மணிச்சத்திலோ பெரும்பகுதி பைட்டேட்; அது மனிதக் குடலில் சரியாகச் செரிக்காது, துத்தநாகத்தையும் இரும்பையும் கூடப் பிடித்துவைக்கும்.

இங்கேதான் 2017இல் ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜியான் ஃபெங் மா குழுவினர் அறிவித்த எஸ்.பி.டி.டி. கடத்துப்புரதம் பொருட்படுத்தத்தக்கது. கணுக்களில் மணிச்சத்தை மணிக்குத் திருப்பிவிடும் அப்புரதம் முடக்கப்பட்ட நெல்லில், விளைச்சல் குறையாமலே மணியில் சேரும் மணிச்சத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. மிச்சம் வைக்கோலில் நின்றது. முளைப்பும் நாற்றின் வளமும் குன்றவில்லை என்றனர். வளமான மண்ணில் அது சரி. 0.075 மில்லிகிராம் கைமுதலோடு டாண்டில் முளைக்கும் விதைக்கு ஐந்தில் ஒரு பங்கு இழப்பு தாங்குமா என்பதைச் செம்மண்ணில், உரமில்லாமல், உழவர் தாமே எடுத்து வைத்த விதையைக் கொண்டு, இரண்டு மூன்று தலைமுறை விதைத்துத்தான் சோதிக்க வேண்டும். பி-ஸ்டால்1 உள்ள வந்தனா போன்ற பின்னணியில் அந்தக் குணத்தைச் சேர்த்து, அறுவடையின்போது வேர், வைக்கோல், மணி மூன்றிலும் மணிச்சத்தைத் தனித்தனியே அளந்து, விதைப்புக்கு முன்னும் பின்னும் மண்ணின் கையிருப்பையும் பதிவு செய்யும் வயல் சோதனையே முதலில் நடக்க வேண்டியது.