மஞ்சள் அறையின் வரலாறு

நோன்புப் பெருநாளுக்கு முன்னர் எங்கள் வீட்டுக்கு பெயின்ட் அடிப்பது வழமை. கடந்த முறை மகளின் அறைக்கு நிறம் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. "வாப்பா, எனக்கு வோம் கலர்தான் வேணும்" என்று நிற அட்டையைக் கொண்டு வந்து மடியில் வைத்தாள். பாஸ் கடுஞ் செம்மஞ்சளில் விரலை வைத்தார். மனைவி இளமஞ்சள் போதும் என்றார். ஆசிரியத் தொழிலில் ஊறிப்போன எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. ஒரு நிறம் எவ்வாறு வெதுவெதுப்பாக இருக்க முடியும்?

கொல்லன் உலையில் இரும்பு முதலிற் சிவக்கிறது. சூடு ஏற ஏற மஞ்சளாகி வெண்மையை அண்மிக்கிறது. அவ்வகையில் சிவப்பு என்பது சூட்டின் கீழ்ப்படிதான். அப்படியிருந்தும் சிவப்பையும் மஞ்சளையும் நாம் வெம்மை நிறங்கள் என்கிறோம். அடுப்பையும் அந்தி வெயிலையும் பார்த்துப் பழகிய கண்கள் அவ்வாறு சொல்லித் தந்துள்ளன.

இந்நிறங்களை மனிதன் முதலிற் பெற்றது மண்ணிலிருந்தாகும். தென்னாபிரிக்காவின் புளொம்போஸ் குகையில், ஏறத்தாழ ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் காவிக்கல்லை அரைத்துச் சிப்பி ஓடுகளிற் குழைத்து வைத்திருந்ததை 2011ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். நமது சிகிரியாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியப் பெண்களின் மேனியிலும் மண்ணின் மஞ்சளும் சிவப்புமே மிளிர்கின்றன. மஞ்சட் காவிக்கு நிறமூட்டுவது இரும்பும் ஒட்சிசனும் நீரின் கூறும் சேர்ந்த ஒரு கனியம். அதனைச் சுட்டால் நீர் நீங்கிச் சிவப்பாகிவிடும். செங்கல் சூளையில் மண் சிவப்பதும் இதே முறையில்தான்.

மண்ணின் நிறத்தோடு மனிதன் நிறைவடைந்துவிடவில்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், பேபரியஸ் என்ற எழுத்தரின் கதையைப் பதிவு செய்துள்ளார். தன் வீடு எடுப்பாக இருக்க வேண்டுமென விரும்பிய அவர், முற்றத்தைச் சூழ்ந்த சுவர்களுக்கு விலையுயர்ந்த சாதிலிங்கச் சிவப்பைப் பூசுவித்தார். முப்பது நாட்களில் அது வெயில் பட்டுத் திட்டுத் திட்டாக அவலட்சணமாகிவிட்டது. வேறு நிறம் பூச மீண்டும் ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. வெயில் படும் இடத்துக்குச் சாதிலிங்கம் ஆகாது என்பதே விட்ருவியஸ் கூறும் பாடம். குளிர்கால உணவறைகளில் விளக்குப் புகையும் கரியும் படியுமாதலால், அங்கு நுண்ணிய சித்திரங்கள் வேண்டாம், கருநிறப் பலகங்களுக்கிடையே காவியோ சிவப்போ போதும் என்றும் அவர் எழுதினார். எந்த அறை, யார் எப்போது புழங்குவது என்று கேட்டே அவர் நிறம் சொன்னார்.

இந்தக் கேள்வியை மனத்தின் பக்கம் திருப்பியவர் ஜேர்மனியக் கவிஞர் கேத்தே. பாரசீகக் கவி ஹாபிஸின்மீது கொண்ட ஈடுபாட்டால் 1819இல் 'மேற்கு - கிழக்குத் திவான்' தந்தவராக நம்மவர் அவரை அறிவர். அதற்கு முன், 1810இல், அவர் நிறங்களைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டிருந்தார். சாம்பல் படிந்த மாரிநாளில் மஞ்சட் கண்ணாடியூடாக வெளியே பார்த்தால் உள்ளம் விரியும், நீலத் தாள் ஒட்டிய அறை விசாலமாகத் தெரிந்தாலும் வெறுமையும் குளிரும் தட்டும், கடுஞ் செம்மஞ்சட் பரப்பை உற்றுப் பார்த்தால் அது கண்ணைத் துளைப்பதுபோல் இருக்கும் என்பன அவரது அவதானங்கள். வைமர் நகரிலுள்ள அவரது வீட்டில், விருந்தினரோடு உணவருந்திய பெரிய அறைக்கு மஞ்சளும், எழுதும் அறைக்குப் பச்சையும் பூசப்பட்டிருந்தன. மஞ்சட் காவியிலுள்ள அந்தக் கனியத்துக்கு 1806இல் சூட்டப்பட்ட பெயரும் 'கேத்தைட்' என்பதேயாகும்.

கேத்தே வாழ்ந்த காலத்திலேயே இன்னொரு மஞ்சளும் பிறந்தது. 1797இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் வோக்லான், சைபீரியக் கனியமொன்றிலிருந்து குரோமியம் என்ற மூலகத்தைக் கண்டறிந்தார். அது ஈயத்தோடு சேர்ந்து தந்த குரோம் மஞ்சள் மண்ணின் மஞ்சளைவிடப் பன்மடங்கு பளிச்சிட்டது. மலிவுமானது. 19ஆம் நூற்றாண்டில் கதவு, வண்டி, விளையாட்டுப் பொருள் என்று எங்கும் அது பரவிற்று. செம்மஞ்சளும் சிவப்பும்கூட ஈயச் சேர்வைகளாகவே பேணிகளில் வந்தன. கண்ணுக்கு இதமான நிறங்களுக்குள்ளேதான் சிறுவரின் மூளையைப் பாதிக்கும் நஞ்சும் இருந்தது. குழந்தையின் குருதியில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. நமது நாட்டில் பெயின்டிலுள்ள ஈயத்துக்கான சட்ட வரம்பு 2013ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் என்று வாசகர் கேட்கலாம். மகளின் அறைக் கதவு என் வாப்பா காலத்தது. அதற்கு அவர் பளிச்சென்ற மஞ்சள் எனாமல் அடித்திருந்தார். சிறு வயதில் அதன் செதில்களை நகத்தால் உரிப்பது எங்களுக்கு விளையாட்டு. தம்பி அவற்றை வாயில் போட்டு மெல்லுவான். உம்மா அதட்டுவது கதவு கெட்டுவிடும் என்பதற்காகத்தான்.

அன்று பள்ளிவிட்டு வந்தபோது, பாஸ் அந்தக் கதவை உலர்ந்த அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அறை முழுவதும் மஞ்சட் தூசி. அதன் நடுவே மகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தச் சொன்னேன். அவளைக் குளிக்கவைத்து மாமி வீட்டுக்கு அனுப்பினோம். தரையையும் சன்னல் விளிம்பையும் ஈரத்துணியால் துடைத்த பின், கதவை நனைத்து நனைத்தே தேய்த்து, செதில்களைத் தாளில் திரட்டிக் கட்டினோம். "இத்தன வருசமா இப்புடித்தான் சேர் தேய்க்கிற" என்றார் பாஸ். அவருடைய நுரையீரலை எண்ணி எனக்குத்தான் சங்கடமாயிருந்தது. மறுநாள் அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன்.

அவ்வறையின் சன்னல் மேற்கே பார்த்தது. மாரியில் நடுங்கும் வைமருக்கு ஏற்ற கணக்கு எங்கள் கிழக்குக் கரையின் பின்னேர வெயிலுக்குப் பொருந்தாது. ஆகவே மூன்று சுவர்களுக்கு மணலில் தோய்ந்தாற் போன்ற மெல்லிய காவி மஞ்சளை, ஈயம் சேர்க்காததென்று பேணியில் பார்த்து வாங்கிப் பூசினோம். சன்னலுக்கு எதிர்ச் சுவரை வெள்ளையாகவே விட்டோம். மகளுக்கு அதில் சற்று மனத்தாங்கல்.

பெருநாளன்று அஸருக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அறையிலேயே அதிகம் மஞ்சளாக இருந்தது அந்த வெள்ளைச் சுவர்தான்.