டின் பால்

ஏழை வீட்டுக் கைக்குழந்தைக்கு டின் பால் எப்படி வந்தது? நாகரிக மோகம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் கண்டது வேறு.

ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் அவர். கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) வேலை பார்த்தபோது, குவாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகுக்குச் சொன்னவர். அது கா மொழிச் சொல். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பாலை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். ஊர்க்காரர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது, டாக்டர்களுக்குத்தான் தெரியவில்லை!

1936இல் மலாயாவுக்கு மாற்றல். அங்கே நர்ஸ் மாதிரி உடுத்திய விற்பனைப் பெண்கள், பிள்ளை பெற்றவர்களிடம் இனிப்பூட்டிய கெட்டிப் பாலை விற்றார்கள். கொஞ்ச நாள் அதைக் கொடுத்தால் தாய்ப்பால் வற்றிவிடும். அப்புறம் டின்னை விடவும் முடியாது, வாங்கவும் காசிருக்காது. ஒரு டின் இன்னும் நாலு நாள் வரணுமே என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'.

தாயே அரைப்பட்டினி, அவளுக்கு எங்கே சுரக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யுத்தத்தில் ஜப்பானியர் வில்லியம்ஸைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அங்கே சோறும் பற்றாது. பெரியவர்கள் நோயில் விழுந்தார்கள், அவருக்கே பெரிபெரி. பிற்பாடு அவர் சொன்ன கணக்கு இது: சிறையில் பிறந்தவை 20, தாய்ப்பால் குடித்தவை 20, பிழைத்தவை 20.

தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருட்களின் விற்பனைக்கு உலக சுகாதார நிறுவனம் விதிமுறை வகுத்தது 1981இல்தான். எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.