உதவியாளராகச் சேர்ந்தால் டாக்டர் ஆகிவிடலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருப்பவர்களாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. கட்-ஆஃப் கொஞ்சத்தில் தவறிவிட்டது. கையில் ஒரு விளம்பரத் தாள் வைத்திருந்தார்கள். கால்நடை டெக்னீஷியன் டிப்ளமோ, இரண்டு வருஷம். 'கால்நடை மருத்துவராக முதல் படி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"சார், இதுல சேர்த்துவிட்டா அப்புறம் அப்படியே டாக்டர் ஆயிடலாம்தானே?" என்று கேட்டார் அப்பா.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இன்னொரு மாணவன் என்னிடம் கேட்டான். அன்றைக்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். நான் வரலாறு நடத்தியவன், முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கால்நடை மருத்துவத்துக்கென்று தனிப் பள்ளி முதன்முதலில் பிரான்சின் லியோன் நகரில் 1762இல் திறக்கப்பட்டது. தொடங்கியவர் கிளோத் பூர்ஜெலா. குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற கொள்ளைநோய்தான் அரசாங்கத்தை அந்தப் பக்கம் திரும்ப வைத்தது. அதுவரை ஐரோப்பாவில் குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர் பெரும்பாலும் லாடம் கட்டுபவர்தான். குளம்பைத் தூக்கிப் பிடித்துப் பழகிய கை, நொண்டும் காலையும் பார்த்துக்கொண்டது.

அப்படி ஒரு லாடக்காரரின் மகன்தான் வில்லியம் டிக். 1793இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, ஜான் பார்க்லே என்ற உடற்கூறு ஆசிரியரின் வகுப்புகளுக்குப் போனார். 1817இல் லண்டன் கால்நடைக் கல்லூரிக்குப் போய், மூன்றே மாதத்தில் பட்டயத்துடன் ஊர் திரும்பினார். மூன்று மாதத்தில் டாக்டரா என்று சிரிக்காதீர்கள். அதற்கு முன் பல வருஷம் பட்டறையில் படித்துவிட்டார். 1823இல் அவர் எடின்பரோவில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரோடு, பல்கலைக்கழகத்தின் பகுதியாக நடக்கிறது.

ஆக, உதவி வேலையிலிருந்து மருத்துவராக ஏற ஒரு ஏணி உண்மையிலேயே இருந்தது. ஏறிய மனிதரின் பெயரில் கல்லூரியே இருக்கிறது.

பிறகு அந்த ஏணி என்ன ஆனது?

1844இல் பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களுக்கென்று அரச பட்டயம் பெற்ற ஓர் அமைப்பு உருவானது. தேர்வு வைத்துத் தகுதி கொடுப்பது அதன் வேலை. 1881 சட்டம் வந்ததும், தகுதி இல்லாதவர் 'கால்நடை மருத்துவர்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றானது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் படிப்பும் நான்கு ஆண்டாக நீண்டது. சேருவதற்கே பொதுக்கல்வித் தேர்வில் தேற வேண்டும். 1948 சட்டம் மருத்துவம் பார்க்கும் உரிமையையே பதிவு பெற்றவர்களோடு நிறுத்தியது. அதுவரை அனுபவத்தை வைத்துத் தொழில் செய்து வந்தவர்களுக்கு ஒரு துணைப் பதிவேடு திறந்து இடம் கொடுத்தார்கள். அதோடு அந்த வழி முடிந்தது.

இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நுண்ணுயிரியல், மயக்க மருந்து, தடுப்பூசி எல்லாம் வந்த பிறகு, பட்டறை அனுபவம் மட்டும் போதாது என்பது உண்மை. ஆனால் விளைவு என்ன? முதல் படியாக இருந்த வேலை, தனித் தொழிலாகப் பிரிந்துவிட்டது.

அமெரிக்காவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நியூயார்க் மாநிலத்தின் டெல்லை என்ற ஊரில் 1961இல் டெக்னீஷியன் படிப்பு தொடங்கியது. இன்று அங்கே டெக்னீஷியன் ரத்தம் எடுப்பார், மயக்கம் கொடுத்த விலங்கைக் கண்காணிப்பார், எக்ஸ்ரே எடுப்பார். நோய் இன்னதென்று சொல்வதும் மருந்து எழுதுவதும் அறுவை சிகிச்சையும் மருத்துவருக்கு மட்டும். டெக்னீஷியன் டாக்டராக வேண்டுமென்றால், அடிப்படை அறிவியல் பாடங்களை முடித்து, நான்காண்டு மருத்துவப் படிப்பில் முதல் வருஷத்திலிருந்து உட்கார வேண்டும். ஒரே ஒரு சலுகை உண்டு. விண்ணப்பத்தில் விலங்குகளோடு வேலை பார்த்த அனுபவம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அங்கே அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் வேப்பேரியில், டாபின் ஹால் என்ற சிறிய கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. வெள்ளையர் காலத்தில் நம் கல்லூரிகளில் படித்து வெளிவந்தவர்களுக்குக் கிடைத்த பதவியின் பெயரே 'கால்நடை உதவியாளர்'. மேல் பதவிகள் பெரும்பாலும் பிரிட்டனில் தகுதி பெற்றவர்களுக்கு. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிறகுதான் இங்கே பட்டப்படிப்பு வந்தது. இன்றும் நம் அரசு மருத்துவமனையில் டாக்டராகச் சேருபவரின் பதவிப் பெயர் கால்நடை உதவி மருத்துவர் என்றே இருக்கிறது.

அவருக்குக் கீழே இருப்பவர்கள் கால்நடை ஆய்வாளரும் பராமரிப்பு உதவியாளரும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. மருத்துவம் பார்ப்பது பதிவு பெற்ற மருத்துவர். பயிற்சி பெற்ற உதவியாளர்கள், மாநில அரசின் அனுமதியோடு, மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்யலாம். தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்றவை.

இப்போது அந்த மாணவன் கதை.

நல்ல மூளைக்காரன். அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். "சார், டாக்டருக்குப் படிக்கணும். இப்போ ஆய்வாளர் பயிற்சிக்குக் கூப்பிடுறாங்க. சேரவா?" என்றான். "சேருடா, அப்புறம் அப்படியே டாக்டர் ஆயிடலாம்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். அவன் சேர்ந்தான். சில வருஷம் கழித்து விசாரித்தபோதுதான், அந்த வேலையிலிருந்து டாக்டர் பதவிக்கு வழியே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்குள் தங்கைகளின் கல்யாணம், கடன். மறுபடி மாணவனாகப் போய் உட்கார முடியவில்லை.

ஒருநாள் இரவு எங்கள் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. அவனைத்தான் கூப்பிட்டேன். கை விட்டுப் பார்த்துவிட்டு, "கன்னு தலை திரும்பிக் கிடக்கு சார். இதுக்கு மேல நான் கை வைக்கக் கூடாது. டாக்டர் வரணும்" என்றான். டாக்டர் வேறு ஊரில் இன்னொரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து சேரும்போது விடிந்துவிட்டது. அவரும் அதையேதான் சொன்னார். தாய் பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

அந்தக் கோடு தப்பு என்று அன்றும் நான் நினைக்கவில்லை. அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாமல் அவனை அனுப்பி வைத்தேனே, அதுதான் தப்பு. ஓய்வு பெறும்வரை பல ஊர்களில் சினை ஊசியும் தடுப்பூசியும் போட்டான். மாடு வைத்திருப்பவர்கள் இன்றும் அவன் பெயரைச் சொல்கிறார்கள். என்னிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். "பாப்பா, இந்தப் படிப்பு கேவலம் இல்ல. மருத்துவமனை நடக்கிறதே இவங்களாலதான். அந்த வேலை பிடிச்சா, அந்த வேலைக்காகவே சேரு. டாக்டர்தான் ஆகணும்னா, நம்ம நாட்டுல டிப்ளமோ முடிச்சிட்டு நேரா ரெண்டாம் வருஷத்துல சேர வழி கிடையாது. முதல் வருஷம்தான். அதுக்கும் பார்க்கிறது பிளஸ் டூ மார்க்கோ நுழைவுத் தேர்வோதான். மாட்டுக்கு எத்தனை கட்டுப் போட்டேன்னு யாரும் கேட்க மாட்டாங்க."

அப்பாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்திடம், 'இதை முடித்தால் மருத்துவப் படிப்பில் எந்த ஆண்டில் சேர்ப்பார்கள், எந்த விதிப்படி' என்று எழுத்தில் கேளுங்கள் என்று.

நேற்று போன் செய்தார். கேட்டாராம். எழுதித் தர மறுத்துவிட்டார்களாம்.

பெண் என்ன முடிவு செய்யப்போகிறாள் என்று இன்னும் சொல்லவில்லை. அது அவள் முடிவு. இந்த முறை தெரிந்தே முடிவு செய்வாள்.