கணிப்பொறிக் கோப்பும் தமிழ்க் குறியேற்றமும்

ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியோர் படித்தே எழுதினர். ஆதலின் எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறியபோதும் நூல்கள் நின்று நிலவின. கணிப்பொறியோ படியாமலே படியெடுக்கும். இவ்வேறுபாட்டின் விளைவை ஈண்டு ஆராய்வோம்.

1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனித்தனிக் குறியேற்றங்களைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் அமைத்த கோப்பினை அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறப்பின், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துக்களும் குறிகளுமே தோன்றும். இக்குறையை நீக்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் பொதுக் குறியேற்றங்கள் வகுக்கப்பெற்றன. 1991-இல் வெளிவந்த யூனிகோடு, தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக ஏற்றது.

பழைய கோப்பினைப் புதிய வட்டிற்குப் படியெடுத்துவிட்டால் போதாதோ எனின், போதாது. படியெடுத்தலால் குறியேற்றம் மாறாது. படிக்க இயலாமையும் உடன் பெயரும். ஆதலின் கணிப்பொறி பயிலத் தொடங்கும் ஆய்வு மாணவர், மூலக் கோப்பினை மாற்றாது வைத்து, யூனிகோடுக்கு மாற்றிய படியை வேறு பெயரில் சேமித்து, இரண்டினையும் வரிவரியாக ஒப்புநோக்குதல் வேண்டும். சுவடிப் பதிப்பில் நாம் போற்றும் பாடவொப்பீடே இது. இதனைச் செய்யாதொழியின், அண்மைக்காலத்து ஆய்வுரைகள் பழஞ்சுவடிகளினும் விரைவில் படிக்கவொண்ணாதன ஆகும் என்பது நம் துணிபு.