பெயரில் ஊர் சொல்லும் பூமரங்கள்

மலர் என்னும் பெயரோடு ஆண்டுதோறும் வெளிவரும் நம் சங்க வெளியீட்டிலே, வீட்டு வாசலில் நின்று பூக்கும் மரங்களின் வரலாறும் சிறிது இடம் பெறுதல் பொருந்தும் என எண்ணுகிறேன். இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்கு ஏடுகளோடு உழல்பவன் யான். தாவர நூல் கற்றவன் அல்லேன். ஆயினும், புறப்பட்ட நிலையம் எது, வந்து சேர்ந்த நிலையம் எது என்று பார்க்கும் பழக்கம் மரங்களைக் காணும்போதும் விட்டபாடில்லை.

கிழக்கேகோட்டை வாயிலுக்கு உள்ளே, பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. வாசலில் கோலத்திற்கு மட்டுமே இடமுண்டு. மரம் வைப்பதானால் கொல்லையில்தான். காலனி வீடுகளில் குடியேறிய பிறகே நம்மவரில் பலர்க்கு முன்புறத்தில் அழகுக்கென ஒரு மரம் நடும் வாய்ப்புக் கிட்டியது.

அவ்வாறு நட்டவற்றுள் முதன்மை சரக்கொன்றைக்கே உரியது. சிவபெருமான் சூடும் மலர் என்று நாம் போற்றும் இதனை இந்நாட்டார் கணிக்கொன்னை என்பர். கேரள மாநிலத்தின் மலரும் இதுவே. நாம் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடும் வேளையில் அவர்களுக்கு விஷு; கொன்றையின்றிக் கணி நிறைவதில்லை. கொச்சியில் ஒல்லாந்தர் ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய உள்நாட்டு வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதல் தொகுதியிலேயே 'கொன்ன' என்ற பெயரோடு இம்மரம் படமாக வரையப்பட்டுள்ளது. இலத்தீன் மொழியிலிருந்த அந்நூலைப் பேராசிரியர் மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்தில் பெயர்க்க, நம் நகரத்துக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

கொன்றை இம்மண்ணுக்கே உரியது. அதன் அண்டையில் நிற்பவையோ பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 பூக்களில் கொன்றையுண்டு, சண்பகமுண்டு, மகிழமாகிய வகுளமுமுண்டு. கோடையில் தீப்பற்றியது போலச் சிவந்து நிற்கும் குல்மோகர் அதில் இல்லை. இருக்கவும் இயலாது, அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. போயர் என்ற தாவர அறிஞர் அங்கே கண்டு, 1829இல்தான் அது அறிவியற் பெயர் பெற்றது. நாகலிங்க மரமோ தென் அமெரிக்காவினது. கயானாவில் கண்ட அதைப் பற்றி 1775இல் ஒப்லே என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதினார். இலிங்கத்தின் மேல் நாகம் படமெடுத்தது போன்ற அதன் பூவைக் கண்ட நம்மவர் சிவன் கோயிலில் அதற்கு இடமளித்தனர். இலங்கையில் பௌத்தர்கள் அதையே புத்தர் பிறந்த சால மரமாகக் கொண்டு விகாரைகளில் நட்டனர். ஒரே மரத்திற்கு இரு சமயங்களில் பழைய உறவு கிடைத்துவிட்டது!

இவற்றுக்குத் தமிழர் பெயரிட்ட முறை என்னை மிகவும் கவர்ந்தது. செந்நிறக் குல்மோகரைச் செம்மயிற்கொன்றை என்றனர். மஞ்சளாகப் பூக்கும் மற்றொன்று பெருங்கொன்றை ஆயிற்று. வெள்ளிதழும் மஞ்சள் நடுவுமாக மணக்கும் ஈழத்தலரி நடு அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் உரியது. ஆனால் நம் முன்னோர் கண்டது அது ஈழத்து வழியே வந்த செய்தியை மட்டும் போலும். தாம் அறிந்த அலரியோடு சேர்த்து ஈழத்தலரி என்றனர். மலையாளத்தார்க்கு அது ஈழச்செம்பகம். புதிதாய் வந்ததை அயலானாக நிறுத்தாமல், தம் வீட்டு மரத்தின் உறவினன் ஆக்கி அழைத்திருக்கிறார்கள். நாமும் அயலூரில் வாழ்பவர்களாதலால் இச்செய்தி நமக்குச் சுவையாகவே இருக்கும்.

மாலை தொடுக்கும் பூக்களின் கதை வேறு. சாலைக்கடைத் தெருவுக்குத் தோவாளையிலிருந்து பூக்கூடைகள் வருகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை தமிழ்நாட்டோடு இணைந்து இடையே எல்லைக்கோடு விழுந்த பின்னும் அவை நிற்கவில்லை. மரத்துப் பூவுக்கு அவ்வாறு வெளியூரை நம்ப இயலாது. விஷுவுக்கு முந்தின நாள் கிளை கிளையாக ஒடித்து வந்து விற்கிறார்கள். இப்பொழுது பிளாஸ்டிக் கொன்றைக்கொத்தும் கடைகளில் தொங்குகிறது. அதைக் கணியில் வைப்பதைக் காட்டிலும் வெறுந்தட்டே மேல் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு காரணம், பூ காலத்தில் கிடைக்காமையே. கோடை வறட்சியில் இலையுதிர்த்துப் பூப்பது கொன்றையின் இயல்பு. வெயில் முந்தினால் பூவும் முந்துகிறது. அண்மை ஆண்டுகளில் மாசியிலேயே பூத்து, சித்திரை பிறக்குமுன் உதிர்ந்துவிடும் மரங்கள் பல. குறுந்தொகையின் 66ஆம் பாட்டிலே, காலமல்லாத மழையைக் கார்காலம் என்று மயங்கிப் பூத்த கொன்றையை அறியாமை உடையது என்று தோழி சொல்லித் தலைவியைத் தேற்றுவாள். அன்று மரத்தை ஏமாற்றியது மழை, இன்று வெயில்.

இதனினும் பெருங்கேடு, கார் நிறுத்தவும் முற்றத்தில் ஓடு பதிக்கவும் மரத்தை வெட்டுவது. இடம் குறுகியது என்பார் குல்மோகரை வைக்க வேண்டா. அதன் வேர் மேலோடிச் சுவரைப் பெயர்க்கும், கிளை காற்றில் முறியும். நாகலிங்கத்தின் காய் பீரங்கிக் குண்டு போன்றது. குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு ஆகாது. ஈழத்தலரியின் கொம்பை வெட்டிப் பால் உலரச் சில நாள் வைத்திருந்து நட்டாலே வேர் பிடிக்கும். சரக்கொன்றைக்கு விதையே போதும். நீண்ட காய் கறுத்து முற்றியதும் உடைத்தால், அறைக்கு ஒன்றாக விதைகள் இருக்கும். தோல் கடியது, கல்லில் சற்றே உரைத்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்துப் பின் விதைக்க வேண்டும். பூவைக் காணச் சில ஆண்டுகள் ஆகும்.