மிசிசிப்பி விடுதலைப் பள்ளிகளும் நம் பிள்ளை வளர்ப்பும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சிறிது தயங்கினோம். கழகத்தின் வரலாற்றை எழுத நம்மினும் மூத்த பெரியோர்கள் உளர்; அவர்கள் எழுதுவதே முறை. ஆகவே, கடல் கடந்த நாடொன்றில் ஒரே ஒரு கோடையில் நடைபெற்று, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பயின்றோரும் பயிற்றுவித்தோரும் ஒன்றுகூடி நினைவுகூர்ந்த சில பள்ளிகளின் வரலாற்றை நம் இளைஞர்கள் முன் வைக்கத் துணிந்தோம். 1964ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த விடுதலைப் பள்ளிகளே அவை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை நமக்கு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். மகாத்மா ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டு ‘குலாம்கிரி’ என்னும் நூலை வெளியிட்டபோது, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே அதனைக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டு கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருத்தலைச் சுட்டினார். நம் முன்னோர் நூறாண்டுக்கும் மேலாக அத்திசையை நோக்கியே வந்துள்ளனர். நாமும் சற்று நோக்குவோம்.

மிசிசிப்பி பருத்தி விளையும் நாடு. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பினத்தாருடையது. பருத்திச் சமவெளிப் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியைக்கூடப் பருத்தியே வகுத்தது. பஞ்சு பறிக்கும் பருவத்தில் பள்ளியை மூடுவதற்காகவே கடுங்கோடையில் வகுப்பு நடத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்கு ஏறத்தாழ 82 டாலர் செலவிட்ட இடத்தில், கறுப்பினப் பிள்ளை ஒன்றுக்கு ஏறத்தாழ 22 டாலரே செலவாயிற்று. வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் தனித்தனிப் பள்ளிகள் கூடா என்று 1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாநில ஆட்சியாளர் செய்தது யாது? 1956ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தையே நீக்கிவிட்டனர். பிள்ளைகள் ஒன்றாக அமர்வதைக் காட்டிலும் பள்ளிக்கே வராதிருத்தல் நன்று என்பது அவர்கள் கருத்துப்போலும்!

இதனினும் கொடிது ஒன்று உண்டு. அது அச்சம். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிகாகோ நகரிலிருந்து மிசிசிப்பியிலுள்ள உறவினர் வீட்டிற்கு வந்திருந்த எம்மட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன், கடைக்கார வெள்ளைப் பெண்மணியிடம் வரம்பு மீறி நடந்தான் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கடத்திக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு விடுவித்தது. அதன் பின்னர் அம்மாநிலத்துத் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்திருப்பர்? தலை குனிந்து நட, எதிர்த்துப் பேசாதே, கேள்வி கேளாதே, பொழுது சாயுமுன் வீடு வந்து சேர். இதனைக் கோழைத்தனம் என்று நாம் எளிதில் கூறிவிடலாகாது. பிள்ளையை உயிரோடு காக்க அன்று அவர்கள் அறிந்த வழி அது ஒன்றே. நம் பாட்டன் பாட்டிமார் ஊர்த் தெருவில் நடக்கும் முறையை நமக்குச் சொல்லித் தந்ததும் இத்தகைய அன்பினாலேதான். ஆயினும் உயிரைக் காத்த அப்பழக்கம், வகுப்பறையில் பிள்ளையின் நாவைக் கட்டிவிடுகிறது. விடை தெரிந்திருந்தும் கை உயர்த்தாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் தெருப் பிள்ளைகளை ஆசிரியப் பணியில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அப்பிள்ளை மந்தபுத்தி உடையதன்று. வீட்டில் கற்ற முதல் பாடத்தை அது மறக்கவில்லை, அவ்வளவே.

இந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று எண்ணியவர் சார்லி காப் என்னும் இளைஞர். ஹோவார்டு பல்கலைக்கழக மாணவராயிருந்து, மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளராக மிசிசிப்பிக்கு வந்தவர். கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் கோடைத் திட்டம் ஒன்று அப்போது உருவாகி வந்தது. அத்துடன் பிள்ளைகளுக்கான பள்ளிகளும் வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எழுதிக் கொடுத்தார். கேள்வி கேட்கும் உணர்வே நசுக்கப்பட்ட மாநிலத்தில், பிள்ளைகள் தாமே வினவக் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. வரலாற்றுப் பேராசிரியர் ஸ்டாட்டன் லிண்ட் அப்பள்ளிகளுக்கு இயக்குநரானார்.

1964 ஜூன் மாதத்தில் ஒகையோ மாநிலக் கல்லூரி ஒன்றில் தொண்டர்களுக்குப் பயிற்சி நடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் வடமாநிலங்களைச் சேர்ந்த வெள்ளை மாணவர்கள். பயிற்சி முடிவதற்குள்ளாகவே கொடுஞ்செய்தி வந்தது. நெஷோபா வட்டத்தில் விடுதலைப் பள்ளிக்கு இடம் தர இசைந்திருந்த சீயோன் மலைத் தேவாலயம் ஜூன் 16ஆம் நாள் எரிக்கப்பட்டது. அதனைப் பார்வையிடச் சென்ற ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்களும் ஜூன் 21ஆம் நாள் கொல்லப்பட்டனர். சேனி மிசிசிப்பியின் கறுப்பின இளைஞர். மற்ற இருவரும் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர். மண் அணை ஒன்றின் அடியிலிருந்து ஆகஸ்டு 4ஆம் நாள்தான் அவர்கள் உடல்கள் கிடைத்தன.

பள்ளிகள் தொடங்கா என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் ஆயிரம் பேர் வருவர் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். 40க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. ஹாட்டிஸ்பர்க் என்னும் ஓர் ஊரில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் பதிந்துகொண்டனர். சிறு குழந்தைகளுடன் முதியோரும் வந்து அமர்ந்தனர். தேவாலயத்தின் அடித்தளம், வீட்டுத் திண்ணை, மரநிழல் யாவும் வகுப்பறையாயின.

அங்கே கற்பித்த முறையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு அதுவே மிகுந்த வியப்பைத் தந்தது. வரிசையாக அமர்தல் இல்லை, வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியர் நீண்ட சொற்பொழிவு ஆற்றலாகாது என்பது விதி. பாடத்திட்டத்தின் நடுவே சில வினாக்கள் வைக்கப்பட்டிருந்தன. நாம் ஏன் இப்பள்ளிக்கு வந்தோம் என்பது முதல் வினா. வெள்ளையரிடம் உள்ளவற்றில் நாம் வேண்டுவன எவை, வேண்டாதன எவை, நம்மிடம் உள்ளவற்றில் நாம் இழக்கக் கூடாதவை எவை என்பன பின்னர் வந்த வினாக்கள். பள்ளிப் பாடநூலில் இல்லாத தம் இனத்தின் வரலாற்றை, 1839ஆம் ஆண்டு அமிஸ்டாட் என்னும் கப்பலில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற நிகழ்ச்சியிலிருந்து தொடங்கிக் கற்றனர். தாமே செய்தித்தாள் எழுதினர்; தட்டச்சு செய்து படியெடுத்து ஊரில் வழங்கினர். 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர் மெட்கர் எவர்சைப் பற்றி ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊர் மாணவர்கள் நாடகம் ஒன்றைத் தாமே இயற்றி நடித்தனர். பல பள்ளிகளில் மாணவர்கள் பிரெஞ்சு மொழியை விரும்பிக் கேட்டனராம். பருத்திக் காட்டில் பிரெஞ்சு எதற்கு என்று நகைப்பவர் நகைக்கட்டும். தனக்கு மறுக்கப்பட்ட எதையும் கற்றுப் பார்க்க விரும்பும் பிள்ளையின் மனத்தை நாம் நன்கு அறிவோம்.

அவ்வினாக்களுள் மூன்றாவதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். நம்மவருள் படித்து உத்தியோகம் பெற்றோர் சிலர், பிள்ளைகளிடம் தம் ஊரையும் தெருவையும் பற்றிப் பேசுவதே இல்லை. ‘அந்தத் துன்பம் நம்மோடு போகட்டும், பிள்ளை அறிய வேண்டா’ என்பது அவர்கள் வாதம். அதில் உள்ள பாசத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை எப்படியும் ஒருநாள் அறிந்துகொள்ளும். பெரும்பாலும் அயலார் ஒருவரின் ஏளனச் சொல்லின் வழியாகவே அறிந்துகொள்ளும். தந்தையின் வாயிலாக அறிவதும் பகைவரின் வாயிலாக அறிவதும் ஒன்றாகா. மேலும், இழிவை மறைக்க முற்படுவோர் அதனோடு சேர்த்துப் பாட்டியின் பாட்டையும், பறையின் அடவையும், கூடி உண்ட பழக்கத்தையும் மறைத்துவிடுகின்றனர்.

இனி மக்கோம் என்னும் ஊருக்கு வருவோம். குண்டு வீச்சுகளுக்குப் பேர்போன ஊர் அது. ஜூலை 8ஆம் நாள் இரவு, தொண்டர்கள் தங்கியிருந்த வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அஞ்சிய பெரியோர் பள்ளிக்கு இடம் தரத் தயங்கினர். சிதைந்த அவ்வீட்டின் முற்றத்துப் புல்தரையிலேயே வகுப்பு நடந்தது. அப்போது மாணவி ஒருத்தி கவிதை ஒன்று எழுதினாள். விடுதலைக்காக வந்து நிற்கும் பிள்ளைகளுக்குப் பெரியோர் கதவைத் திறக்கவில்லையே என்பது அதன் கருத்து. அக்கவிதை ஊரில் கைக்குக் கை மாறிற்று. நாணமுற்ற பெரியோர் தேவாலயக் கதவைத் திறந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே பயின்றனர். ‘தம்மின்தம் மக்கள் அறிவுடைமை’ என்று தொடங்கும் குறளை நாம் மேடைதோறும் கூறுகிறோம். மக்கோம் ஊர்ப் பெரியோருக்கு அக்குறள் தெரியாது. ஆனால் ஒரு சிறுமியின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பெருந்தன்மை இருந்தது. ‘சின்னப் பிள்ளை சபையில் பேசலாமா’ என்று அதட்டி அமர்த்தும் நம் கூட்டங்களில் அது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஆகஸ்டு மாதம் மெரிடியன் நகரில் மாணவர் மாநாடு கூடியது. அந்நகரே சேனியின் சொந்த ஊர்; மாநாட்டிற்கு வந்த வேளையில்தான் அவரது நினைவுக் கூட்டமும் அங்கு நடந்தது. துயரத்தின் நடுவே அப்பிள்ளைகள் குழுக்களாக அமர்ந்து பள்ளி, வீடு, மருத்துவம், வேலை ஆகியன பற்றித் தீர்மானங்கள் இயற்றினர். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிமீது பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்றும் கோரினர். அமெரிக்க நாடாளுமன்றம் அதனைச் செய்தது 1986ஆம் ஆண்டில்! அதே ஆகஸ்டில் ஹாட்டிஸ்பர்க் மாணவர் அறுவர், தம் ஆசிரியை சாண்ட்ரா அடிக்கசுடன் நகரப் பொது நூலகத்திற்குச் சென்று நூல் கேட்டனர், மறுக்கப்பட்டது. பின்னர் உணவருந்தச் சென்ற கடையில் மாணவர்க்கு உணவு தர இசைந்தும், அவர்களோடு அமர்ந்த வெள்ளை ஆசிரியைக்குத் தர மறுத்தனர். வெளியே வந்த அவரைக் காவலர் கைது செய்தனர். அவ்வழக்கு 1970ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று சட்ட நூல்களில் இடம்பெற்றது.

பெற்றோரைப் பற்றிக் கூறாமல் விடுதல் நன்றன்று. தொண்டர்களுக்கு உணவும் உறையுளும் அளித்தவர்கள் ஏழைக் குடும்பத்தார். அதனால் வேலை இழந்தோர் பலர். அக்கோடையில் 30க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் தாக்கப்பட்டன. அவ்வாறிருந்தும் தாய்மார் பிள்ளைகளைக் காலையில் அனுப்பி வைத்தனர். அடுத்த ஆண்டு, 1965 கோடையில், பள்ளி செல்லா இளங்குழந்தைகளுக்கான அரசின் ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டம் தொடங்கியபோது, மிசிசிப்பியில் ஏறத்தாழ 6,000 குழந்தைகளுக்கு மையங்கள் அமைந்தன. அங்கே பணியாற்றியோருள் பலர் வெள்ளையர் வீட்டில் பாத்திரம் துலக்கியவர்கள், பருத்தி பறித்தவர்கள். பட்டம் பெற்றோர் மட்டுமே குழந்தைக்குக் கற்பிக்க வல்லவர் என்னும் எண்ணத்தை அத்தாய்மார் உடைத்தனர். அரசியல் எதிர்ப்பால் அவ்வமைப்பு சில ஆண்டுகளில் நலிந்தது.

ஒரு கோடைப் பள்ளி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. மிசிசிப்பியின் அரசுப் பள்ளிகளில் பிரிவினை பெருமளவு நீங்கியது 1970ஆம் ஆண்டில்தான். அப்போதும் வெள்ளையர் பலர் தனியார் பள்ளிகளைத் தொடங்கி அங்கே ஒதுங்கினர். ஆயினும் விதை அழியவில்லை. கோடைத் திட்டத்தை வழிநடத்திய ராபர்ட் மோசஸ் 1982ஆம் ஆண்டு முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் கற்பிக்கும் இயக்கத்தை நடத்தினார். வாக்குரிமைக்கு நிகரானது கணக்கறிவு என்பது அவர் கொள்கை. 2021ஆம் ஆண்டு மறைந்தார். மிசிசிப்பியில் வழக்கறிஞராயிருந்த மேரியன் ரைட் எடல்மன் நிறுவிய குழந்தைகள் நல அமைப்பு, 1990களில் ‘விடுதலைப் பள்ளிகள்’ என்னும் அதே பெயரில் கோடை வாசிப்புப் பள்ளிகளைத் தொடங்கியது. கல்லூரி மாணவரே அவற்றில் ஆசிரியர்.

2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜாக்சன் நகரத்தின் டூகலூ கல்லூரியில் ஐம்பதாம் ஆண்டு ஒன்றுகூடல் நடந்தது. அன்று இருபது வயதினராயிருந்த தொண்டர்கள் எழுபதைக் கடந்தவர்களாக வந்தனர். பழைய நண்பர்கள் கூடிக் களித்துக் கலைவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதே நாட்களில் இளைஞர்களுக்கெனத் தனி மாநாடும் உடன் நடைபெற்றது. இன்றைய பள்ளி, வாக்குரிமை, வேலை ஆகியன அங்கே விவாதிக்கப்பட்டன. நம் வெள்ளி விழாவிலும் முன்னாள் மாணவர்களை அழைக்கப் போகிறோம். பொன்னாடையும் புகைப்படமும் முடிந்தபின், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவர்களை வட்டமாக அமர்த்தி ஒரு பிற்பகலேனும் பேசச் செய்யலாம் என்று செயற்குழுவிற்கு எழுதியிருக்கிறோம்.

எரிக்கப்பட்ட சீயோன் மலைத் தேவாலயம் செங்கல்லால் மீண்டும் கட்டப்பெற்றது. அக்கொலை வழக்கில் எட்கர் ரே கில்லன் என்பவர், சரியாக 41 ஆண்டுகள் கழித்து, 2005 ஜூன் 21ஆம் நாள் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அத்தேவாலயத்தில் மூவருக்கும் நினைவு வழிபாடு நடக்கிறது.